சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ்

மிளகாய் சுடுகிற மாதத்தில் கல்யாணம் வைக்காதே என்று ரோசாண்டாவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். செப்டம்பர் கடைசியில் எங்கள் திமோக் ஆற்றங்கரையில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் தகர அடுப்பு எரியும். சிவப்புக் குடைமிளகாயைத் தோல் கருகச் சுட்டு, உரித்து, வதக்கி, குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைப்போம். ஊர் முழுக்கக் கருகல் வாடை. தலைமுடியில், தலையணையில், பெட்டியில் மடித்து வைத்த புது உடுப்பில்கூட அதே வாடைதான். "பொண்ணோட வெள்ளை உடுப்புல புகை ஏறிடும்டீ" என்றேன். அவள் கேட்டால்தானே. எனக்கும் அன்றைக்கு உடுப்பைப் பற்றித்தான் கவலை.

என் பெயர் ஸ்டானா. ரொட்டிக் கடை நடத்துகிறேன். என் கடைக்கும் ரோசாண்டாவின் புருஷன் மிலுதினுடைய பட்டறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் மாவு பிசைந்தால் அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கும். அவன் கார் ஸ்டீரியோ வேலை பார்க்கிறவன். எங்கள் ஊருக்கு வருகிற கார்களெல்லாம் ஜெர்மனியில் ஒருத்தன் ஓட்டி, வியன்னாவில் இன்னொருத்தன் ஓட்டி, கடைசியில் எங்கள் தலையில் கட்டுகிறவை. விற்கிறவன் நல்ல ஸ்டீரியோவைப் பிடுங்கிக்கொண்டுதான் விற்பான். பின்னால் இருக்கிற கனெக்டரைப் பதமாகக் கழற்ற அவனுக்கு ஏது பொறுமை? கட்டிங் பிளையரால் ஒரே வெட்டு. வாங்கி வந்தவன் வீட்டில் உட்கார்ந்து சிவப்பையும் மஞ்சளையும் கண்டபடி முறுக்கி, டேப்பைச் சுற்றி, புகை வந்த பிறகு மிலுதினைத் தேடி ஓடி வருவான்.

யாகொடா அவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறை பெஞ்சில் ஏறி உட்கார்ந்து அப்பாவுக்குக் கம்பி பிடித்துக் கொடுத்தே வளர்ந்தவள். மலைக்கு அந்தப் பக்கத்து வெசெலினை அவளுக்குப் பிடித்துப்போய் ஏற்பாடான கல்யாணம் இது.

வெசெலினுக்குக் கும், புடிமிர். சாமி முன்னால் மாப்பிள்ளைக்குச் சாட்சியாக நிற்கிறவனை நாங்கள் கும் என்போம். பெற்றவர்களுக்குக்கூட அவனுக்கு அப்புறம்தான் மரியாதை. கும் முகம் சுளித்தால் கல்யாண வீடே நடுங்கும். இந்தப் புடிமிர் ஆள் எருமை மாதிரி இருப்பான். வாய் அதைவிடப் பெரிது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து முட்டுகிற மாதிரி நிறுத்தினான்.

"சம்பந்தி! நாளைக்கு ஊர்வலத்துல என் கார்தான் முன்னால. பொண்ணு இதுலதான் உக்காரும். பாட்டுச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேக்கணும். இந்தச் சனியன் என்னடான்னா கொஞ்ச நேரம் பாடுது, அப்புறம் பொசுக்குன்னு செத்துப்போவுது."

மிலுதின் ஸ்டீரியோவை வெளியே இழுத்தான். பின்னாலேயே டேப் சுற்றிய கம்பிக் கொத்து ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது.

"இதை யாரு கட்டினது?"

"நான்தான்!" புடிமிருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நல்லவேளை சம்பந்தி, நீங்க ஆபரேஷன் பண்ற வேலைக்குப் போகல."

புடிமிர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்ததைப் பார்த்த பிறகுதான் ரோசாண்டாவுக்கு மூச்சு வந்தது. கும்மைக் கிண்டல் பண்ணலாமா என்று கண்ணாலேயே புருஷனை எரித்தாள்.

புடிமிர் காரை விட்டுவிட்டு ஊருக்குள் போனான். மிலுதின் வேலையில் இறங்கினான். முறுக்கின இடத்தையெல்லாம் வெட்டித் தள்ளினான். கம்பி ஒவ்வொன்றையும் நுனி சீவி, எது பேட்டரிக்கு, எது சாவிக்கு, எது எந்த ஸ்பீக்கருக்கு என்று விளக்கு வைத்துப் பார்த்தான். புது கனெக்டரின் கம்பிகளோடு நிறத்துக்கு நிறம் சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மேலே ரப்பர் குழாயை இழுத்துவிட்டுச் சூடு காட்டினான். அது சுருங்கிக் கம்பியைக் கவ்வியது. நான் பாலாடைக்கட்டி அடைத்த பூரெக் ரொட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது அந்த வேலை முடிந்திருந்தது. ஆனால் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்திருந்தான்.

"பாட்டு நின்னுபோறது இதனால இல்லக்கா. டிக்கியில பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு வெச்சிருக்கான். அதுக்கு பேட்டரியில இருந்து தனிக் கேபிள் போவுது, பாரு, விரல் தண்டி. சீட்டுக்கு அடியில, கார்ப்பெட்டுக்கு அடியில, பின்னால டிக்கி வரைக்கும். அந்தக் கேபிளோட ஃபியூஸ் எரிஞ்சிருக்கு."

"மாத்திட்டா போச்சு."

"ஃபியூஸ் சும்மா எரியாது. கேபிள் எங்கயோ கடிபடுது. எங்கன்னுதான் தெரியல."

அந்த அளவு ஃபியூஸ் பட்டறையில் இல்லை. மிலுதின் என்ன செய்தான்? எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளைக் கிழித்து, மடித்து மடித்துத் தடியாக்கி, எரிந்த ஃபியூஸின் மேல் சுற்றிச் செருகினான். என் அப்பா வீட்டு மெயினில் வைப்பார். என் புருஷன் டிராக்டரில் வைப்பான். பாட்டு அதிர்ந்தது. மிலுதின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, குலுக்கிப் பார்த்தான். அவன் ஆள் ஒரு குச்சி. ஒன்றும் ஆகவில்லை.

"சோதிச்சுப் பாக்கத்தான் இந்தத் தாள்" என்று என்னிடம் சொன்னான். "இதை அப்படியே விட்டா ஃபியூஸ் எரியாது, கேபிள் எரியும். கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன். வந்து கார்ப்பெட்டையும் தூக்கிப் பாக்கணும்."

வாங்கியும் வந்தான். திரும்பி வந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பூச்சுற்றிய குடுவையோடு ஆட்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள். அந்தக் குடுவையில் ரகியா என்கிற பழச் சாராயம் இருக்கும். நீட்டினால் குடித்தே ஆகவேண்டும், மறுத்தால் சம்பந்தத்தையே மறுத்த மாதிரி. மிலுதின் கையைத் துடைத்துக்கொண்டு போனான். ஒரு மடக்கு மாப்பிள்ளைக்கு, ஒரு மடக்கு பெண்ணுக்கு, ஒரு மடக்கு செத்துப்போனவர்களுக்கு என்று வரிசையாக ஊற்றினார்கள். அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாகப் புடிமிர் வந்தான். சாவி காரிலேயே இருந்தது. திருகினான், பாட்டு வந்தது, வேலை முடிந்தது என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

தெருவில் பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனதை மிலுதினும் கேட்டிருக்கிறான். காலையில் கார் இங்கேதானே வரும், அப்போது மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம்.

காலை வந்தது. ஆற்றங்கரைச் சாலை வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்வலம் வந்தது. கார்களின் பக்கக் கண்ணாடிகளில் பூவேலை செய்த துண்டுகள் கட்டியிருந்தன. புடிமிரின் பாட்டில் என் கடைத் தட்டுகள் ஆடின. வந்தவர்கள் சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து குத்துவது, என் கல்யாண ரொட்டியை உடைப்பது, பெண்ணின் ஷூவைக் கொழுந்தன் வந்து மாட்டிவிடுவது என்று வீடு அமளிப்பட்டது. பெற்ற மகளை அனுப்புகிற நேரத்தில் எந்த அப்பனுக்கு ஃபியூஸ் ஞாபகம் வரும்?

வாசலைத் தாண்டும்போது பெண் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் புகுந்த வீட்டில் தங்கமாட்டாள் என்பார்கள். யாகொடா பார்க்கவில்லை. பின்னால் ரோசாண்டா வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதது அவளுக்குக் கேட்டிருக்கும், ஆனாலும் திரும்பவில்லை. டிரைவர் சீட்டில் புடிமிர் ஏறினான், கார் ஒரு பக்கம் தாழ்ந்தது. பக்கத்தில் கொழுந்தன். மாப்பிள்ளை பின்னால் வேறு காரில். புடிமிருக்கு நேர் பின்னால் யாகொடா. அவள் உடுப்பின் வலைத்துணி நுரை மாதிரி கதவில் வழிந்தது. அதை அள்ளிக் காலடியில் திணித்துக் கதவைச் சாத்தியது நான்தான்.

வந்த வழியே ஊர்வலம் திரும்பாது, அதுவும் எங்கள் வழக்கம். அதனால் ஆற்றங்கரைச் சாலையை விட்டுவிட்டு, பாலத்தைத் தாண்டி மலைமேல் போகிற, குண்டும் குழியுமான பழைய சாலையைப் பிடித்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கூடப் போவதில்லை. மிலுதினும் ரோசாண்டாவும் வெறும் முற்றத்தில் நின்றார்கள்.

நான் தட்டுகளை எடுக்கச் சமையலறைக்குள் போனேன். மிலுதின் மேஜையில் உட்கார்ந்து, சாப்பிடாத கோழி சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோசாண்டா அழுதுகொண்டே அழுக்குத் துணியைப் பிரித்தாள். அவளுக்குத் துக்கம் வந்தால் துணி துவைக்கவேண்டும். நேற்றைய வேலைச் சட்டையின் பையைத் துழாவினாள்.

"இது என்ன எழவு? புதுசா இருக்கு. வேணுமா, தூக்கிப் போடவா?"

மேஜையில் வைத்தாள். உள்ளே கம்பி தெரிகிற ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், கடைக் காகிதத்தோடு.

மிலுதினின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. எழுந்திருக்கப் பார்த்தான், திரும்ப உட்கார்ந்தான்.

"என்னய்யா? நெஞ்சு வலிக்குதா?" என்று ரோசாண்டா அவனைப் பிடித்தாள்.

"அந்தக் கார்ல தாள் இருக்கு. இது இங்க இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கேபிள் எரியும் என்று அவன் சொன்னது காதுக்குள் கேட்டது. அந்தக் கேபிளின் மேல் நான் என் கையாலேயே வலைத்துணியைத் திணித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"போன் போடு!" என்றேன்.

யாகொடாவின் போன் அலமாரிமேல் சார்ஜரில் கிடந்தது. புடிமிருக்கு அடித்தோம், மணி போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பாட்டுச் சத்தத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. வெசெலினுக்கு அடித்தோம். மலையில் ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது, சிக்னல் இல்லை.

"கிளம்பு, என் ரொட்டி வேன்ல போவோம்" என்றேன்.

மிலுதின் அசையவில்லை. "பின்னாலயே போறதா? பொண்ணைத் திரும்பக் கூட்டிட்டுப் போக வந்துட்டான்னு சொல்வாங்க. நடுவழியில ஊர்வலத்தை நிறுத்தினா ஆயுசுக்கும் அவளைத்தானே பேசுவாங்க? ஒருவேளை ஒண்ணும் ஆகாது... நேத்து ஒண்ணும் ஆகலையே..."

ரோசாண்டாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. அழுகை நின்றது. அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள்.

"திரும்ப வரட்டும்யா. உசிரோட திரும்பி வரட்டும். போ!"

என் வேனுக்கு மேடு என்றாலே ஆகாது. அன்றைக்கு நான் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் பின்னால் தட்டுகள் கடகடவென்று அடித்துக்கொண்டன. நானும் மிலுதினும் பாலத்தைத் தாண்டினோம். மேலே போகப் போகத் தூறலும் மூடுபனியும். மிலுதின் கருவிப் பெட்டியை மடியில் வைத்து, ஃபியூஸை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்யா, சாவியை எடுத்து வெச்சிருக்கக்கூடாதா?"

"எடுத்திருக்கணும்."

"காலையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"திட்டுக்கா. நல்லாத் திட்டு."

நான் கியரை மாற்றி இன்னும் அழுத்தி மிதித்தேன். இரண்டு வளைவு தாண்டினோம்.

"பொண்ணுக்குத் தெரியுமில்ல?" என்றேன். "உன் பட்டறையில வளர்ந்தவதானே. வாடை வந்தா கண்டுபிடிச்சுடுவா."

"ஊரே கருகல் வாடைக்கா. அவங்க எல்லாரும் மிளகாய்னுதான் நினைப்பாங்க."

அடுத்த வளைவில் மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது. கருப்பாக, தடியாக. மிலுதின் "அம்மா" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. மாதாவே, கர்த்தரே என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வளைந்து பார்த்தால் ஒரு கிழவர் தோட்டத்து இலைதழையைக் குவித்துக் கொளுத்திக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்கு அவரை இறங்கி அறையலாம் போல இருந்தது.

"ஊர்வலம் போச்சா?" என்று கத்தினேன்.

"போச்சு போச்சு, செம பாட்டு!" என்றார்.

அதற்கு மேலே பாட்டே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கல்யாண ஊர்வலம் என்றால் மலை முழுக்க ஹாரன் எதிரொலிக்கும். கண்ணாடியை இறக்கிக் காதை நீட்டினோம். மழைச் சொட்டும் எங்கள் தட்டுகளும்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஊற்றுத் தண்ணீர் விழுகிற தொட்டிக்குப் பக்கத்தில், கார்கள் வரிசையாக நின்றன. துண்டுகள் நனைந்து தொங்கின. எல்லோரும் இறங்கி நின்றார்கள். புடிமிரின் காருக்கு நாலு கதவும் திறந்து கிடந்தது, பானெட்டும் தூக்கியிருந்தது. நெருப்பு இல்லை. ஆனால் வெள்ளை உடுப்பையும் காணோம்.

வேன் நிற்பதற்கு முன்னாலேயே மிலுதின் குதித்தான்.

நாங்கள் பக்கத்தில் போவதற்கு முன்பே புடிமிரின் குரல் கேட்டது. "நடு மலையில ஊர்வலம் நிக்குது! என் ஜென்மத்துல கேட்டதில்ல! பாட்டை நிறுத்துங்குறா, நிறுத்தினேன். காரை நிறுத்துங்குறா. என்னம்மான்னு கேக்கறதுக்குள்ள இறங்கி ஓடிப்போய் பானெட்டைத் திறந்து கம்பியைப் பிடுங்குறா! கும்மோட கார்ல!"

மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிசைந்தாள். "முதல் நாளே கும்மை அவமானப்படுத்திட்டாளே, இதெல்லாம் எங்க போய் முடியுமோ." வெசெலின் பாவம், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மழையில் நின்றான்.

தொட்டியின் அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டி, யாகொடா குனிந்திருந்தாள். வலது கையைத் தண்ணீரில் முக்கியிருந்தாள்.

"யாகொடா!"

அப்பனின் குரல் கேட்டதும் அவள் திரும்பினாள். பெண்கள் எல்லோரும் "ஐயையோ, திரும்பிட்டாளே" என்று ஒரே குரலில் அலறினார்கள். அவள் திரும்பினது மட்டுமில்லை, உடுப்பைச் சேற்றில் இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளங்கை வெந்து, தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. ஃபியூஸ் டப்பா அவள் கையிலேயே உருகியிருக்கிறது.

மிலுதின் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தன் கையை விரித்துப் புடிமிரிடம் காட்டினான்.

"இது உங்க கார்ல இருக்க வேண்டியது சம்பந்தி. என் சட்டைப் பையில இருந்தது. அதுக்குப் பதிலா நான் சிகரெட் பெட்டி ஈயத்தாளை மடிச்சு வெச்சிருந்தேன். எம் பொண்ணு யாரையும் அவமானப்படுத்தல. தப்பு என்னோடது. என்னைப் பேசுங்க."

"ஈயத்தாள்தானே? நானும்தான் வெப்பேன், அதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தான் புடிமிர்.

மிலுதின் டிரைவர் சீட்டைக் கழற்றினான். கார்ப்பெட்டைப் பிடித்து இழுத்தான். சீட்டு நகர்கிற தண்டவாளத்துக்கு அடியில் கேபிள் நசுங்கி, தோல் பிய்ந்து, செம்பு தெரிந்தது. கனமான ஆள் உட்கார்ந்து, குழியில் கார் குலுங்கினால் மட்டும் அது கடிபடும். அங்கிருந்து பேட்டரி வரைக்கும் கேபிளின் தோல் உருகி வழிந்திருந்தது. கடிபட்ட இடத்தில் கார்ப்பெட்டில் ஒரு கை அகலத்துக்குக் கருகின ஓட்டை. அந்த ஓட்டையின் விளிம்பில் வெள்ளை வலைத்துணி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பழுப்பாகச் சுருண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் யாகொடாவின் உடுப்பு விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புடிமிர் தொப்பியைக் கழற்றினான். "நான் உக்காந்தா... அப்பத்தான் கடிக்குதா?"

"ஆமா சம்பந்தி."

புடிமிர் தன் காரின் கண்ணாடியில் கட்டியிருந்த பூவேலைத் துண்டை அவிழ்த்து, ஊற்றுத் தண்ணீரில் நனைத்து, யாகொடாவின் கையில் அவனே சுற்றினான். முடிச்சு விழவில்லை, மறுபடி கட்டினான். "மன்னிச்சுடு மகளே" என்று இரண்டு தடவை சொன்னான்.

மிலுதின் கேபிளை முன்னாலிருந்து பின்னால் வரை முழுசாக உருவி எடுத்தான். கருகின இடத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தான். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒவ்வொரு சாணாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, கேபிளை என் வேனுக்குள் எறிந்தான். "பாட்டு வேணும்னா வாயால பாடுங்க" என்றான். சரி, சரி என்று புடிமிர் தலையாட்டினான்.

அதற்கப்புறம்தான் மகளிடம் வந்தான்.

"வாடை எப்பம்மா தெரிஞ்சுது?"

"பாலத்துலயே."

"பாலத்துலயா?" பாலம் எங்கள் தெருமுனையில் இருக்கிறது. "அப்பவே ஏம்மா சொல்லல?"

அவள் துண்டு சுற்றின கையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நேத்து நீதானேப்பா வேலை பாத்த. சொன்னா உன்னைத்தானே சொல்வாங்க. உச்சிக்குப் போயிட்டா இறக்கம், தாங்கிடும்னு நினைச்சேன். உடுப்பைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் காலு சுட்டுது."

மிலுதினும் இதே பேச்சுக்குப் பயந்துதான் வீட்டு மேஜையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தானே, அது அவனுக்குள் ஓடியிருக்கும். மகளின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான். ரொம்ப நேரம் விடவில்லை.

"என்னைப் பேசினா பேசிட்டுப் போகட்டும்டீ" என்றான் கடைசியில். "இனிமே வாடை வந்தா, யார் கார்னு பாக்காத, யார் வேலைன்னு பாக்காத. கத்து."

புறப்பட்டார்கள். இந்தத் தடவை கொழுந்தன் ஓட்டினான். புடிமிர் பின்னால் வந்த காரில் ஏறி, இரண்டு பேர் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். யாரும் பாடவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. யாகொடா சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடியில் துண்டு சுற்றின கையை வைத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். மாமியார் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பாதே என்று அவள் சொல்லவில்லை.